5 வயதுப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஒரு கம்ப்யூட்டர் கேம்: எதில் செய்வது, உண்மையில் படிப்பாளா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் பக்கம் வீடு, மகளுக்கு 5 வயது, பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, இன்டர்நெட் வந்தால் உண்டு. உங்களுக்குக் கொஞ்சம் புரோகிராமிங் தெரியும். தமிழ் எழுத்து படிக்க ஒரு எளிய கேம் செய்ய பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழியா, பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் மொழியா, வேறு ஏதாவதா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், பேத்தி தமிழ் படிக்காமலே வளர்ந்துவிடுவாளோ என்று உங்கள் அம்மா கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். எதில் செய்வது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை. எந்தச் சொல்லை வைப்பது, யார் குரலில் வைப்பது என்பதுதான் அந்த விளையாட்டே.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் ஒரு சின்ன எல்பி ஸ்கூலில் (கேரளத் தொடக்கப்பள்ளி) தமிழ்ப் பிரிவில் 16 வருடமாக டீச்சராக இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்த மாதிரி விளையாட்டுகளை நானே செய்து, உடைத்து, திரும்பச் செய்து பார்த்திருக்கிறேன். முறையாக கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, தேவைக்குக் கற்றுக்கொண்டதுதான். அதனால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன், மற்றதில் எனக்கு வேலை செய்ததை மட்டும் சொல்வேன்.

நான் செய்த முதல் விளையாட்டில் ஒரு யானைப் படம் வரும், கீழே ஆ, யா, மா என்று மூன்று எழுத்து இருக்கும், சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதைத் தொட வேண்டும். முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தி படத்தைப் பார்த்து "ஆனை" என்று சொல்லி, கொஞ்சமும் தயங்காமல் ஆ-வைத் தொட்டாள். தவறு என்று பெட்டி கத்தியது. அவள் கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மறுபடி மவுஸைத் தொடவில்லை. அவள் வீட்டில் ஆனை, தெருவில் மலையாளம் பேசும் பிள்ளைகளோடு ஆன. அவள் காதுக்கு அந்த மிருகம் ஆ-வில்தான் தொடங்குகிறது, அவள் சொன்னது சரி. தவறு என் விளையாட்டில் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் வைப்பதற்கு முன்னால், வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்காமல் வைப்பதில்லை.

இது யானையோடு நிற்கவில்லை. இலை என்று எழுதுகிறோம், பேச்சில் எலை. குடை என்று எழுதுகிறோம், வாயில் வருவது கொடை. உடம்பு ஒடம்பு ஆகிவிடுகிறது. முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டில் இந்த மூன்றுமே குழந்தையைக் கவிழ்த்துவிடும், ஆனால் கடையில் விற்கிற அட்டைப் புத்தகங்களைப் புரட்டுங்கள், இ-க்கு இலை, உ-க்கு உரல் என்றுதான் இருக்கும். உரலைப் பார்த்தே இராத குழந்தைக்கு அந்தப் படம் எதற்கு என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. எல்லைப் பகுதியில் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. டம்ளர் தண்ணீர்ப் படத்தைக் காட்டினால் மலையாளப் பள்ளிக்குப் போகிற பிள்ளை வெள்ளம் என்று சொல்லும். பூனையைக் காட்டினால் பூச்ச என்று சொல்லும், தமிழில் அதற்குப் பக்கத்திலேயே பூச்சி என்று வேறொரு உயிர் நிற்கிறது. பலாப்பழம் சக்க. (பூனையை முதல் எழுத்து விளையாட்டில் வைக்கலாம், பூனையோ பூச்சயோ இரண்டும் பூ-வில்தான் தொடங்கும். முழுச் சொல்லைப் படிக்கும்போது மட்டும் கொஞ்ச நாளுக்குத் தள்ளி வையுங்கள்.)

அதனால் முதல் சொற்களை இரண்டு மொழிக்கும் பொதுவான இடத்திலிருந்து எடுங்கள். நமக்கு அந்த வசதி இருக்கிறது, சென்னையில் இருப்பவருக்கு இல்லை. ப, ட, ம, ர, க, ல என்று ஆறே எழுத்து. மேலே ஒரு புள்ளி. கால் வேண்டாம், கொம்பு வேண்டாம், சுழி வேண்டாம். இதற்குள் படம், பட்டம், மரம், கல், பல், கடல், கப்பல், பகல் எல்லாம் வந்துவிடுகின்றன. இவை அத்தனையும் மலையாளத்திலும் அதே பொருளில் இருக்கும் சொற்கள், கல்லு பல்லு என்று கடைசியில் சின்ன மாற்றம் மட்டும்தான். எந்தச் சொல்லும் பேச்சில் முதல் எழுத்து மாறுவதும் இல்லை. ஒரு குழந்தை முதல் வாரத்திலேயே கப்பல் என்று தானாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் போனால் 12 உயிரெழுத்தும் முடியும்வரை படிப்பதற்குச் சொல் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 247 எழுத்து என்று மொத்தக் கணக்கைச் சொல்லி யாரும் பயமுறுத்த விடாதீர்கள். 18 மெய், 12 உயிர், ஓர் ஆய்தம், கூடவே குறிகள் சேரும் விதம், இவ்வளவுதான் கற்க வேண்டியது, மீதி 216 உயிர்மெய்யும் பெருக்கலில் வருபவை.

எழுத்து வரிசை இப்படி என்றால், தப்பான விடைகளாக எதை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆரம்பத்தில் ப-வுக்குப் பக்கத்தில் க, ர மாதிரி உருவம் விலகியவற்றை வையுங்கள். ல-வும் வ-வும், ண-வும் ன-வும், எ-வும் ஏ-வும் பக்கத்தில் வருவது இரண்டாவது மாதத்துக்கு. ந, ன விஷயத்தில் மலையாளம் படிக்கும் குழந்தைக்கு ஒரு தனித் தடுமாற்றம் வரும், அங்கே இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன என்று விதி சொல்லாமல், நரி, பந்து, மீன், மான் என்று நிறையக் காட்டினாலே கண் பழகிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, தமிழுக்கு ஒரு க, மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. கோபாலபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் மலையாளப் பலகையில் முதல் எழுத்தே வேறு, தமிழில் இரண்டுக்கும் க தான். உங்கள் மகள் இதைக் கட்டாயம் கேட்பாள். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ற மாதிரி ஒலிக்கும் என்று சொன்னால் போதும், ஏற்றுக்கொள்வார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மலையாளம் அவளுக்கு உதவியும் செய்கிறது. தமிழ் பேசும் பல வீடுகளில் பழம் பளம் ஆகிவிட்டது, ர-வும் ற-வும் வாயில் ஒன்றாகிவிட்டன. மலையாளத்தில் இரண்டும் இன்னும் தனித்தனியாக ஒலிக்கின்றன, அதனால் மழை, பழம், மரம், பாறை என்று வரும்போது உங்கள் மகளின் காது பொள்ளாச்சிக் குழந்தையின் காதைவிடக் கூர்மையாக இருக்கும். என் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வீட்டில் ஒருவர் பேசிப் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டரே படிக்கிற குரல் ஒரு வாக்கியத்தைச் சுமாராகச் சொல்லிவிடும், தனி எழுத்தை, தனிச் சொல்லைச் சொல்லும்போது குழந்தைக்குப் பிடிபடாது. உங்கள் அம்மாவையே பேசச் சொல்லுங்கள் என்பது என் யோசனை. பாட்டி குரல் பெட்டிக்குள் இருந்து வந்தால் குழந்தை அதற்குப் பதில் பேசும். அந்தப் பதில் பேசுவதுதான் நமக்கு வேண்டும். போனில் பதிவு செய்தால் போதும், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பேசினால் எதிரொலி இருக்காது. ஒரே ஒரு கவனம், பழைய வழக்கப்படி கானா, பானா, மானா என்று எழுத்தின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ப என்றால் "ப" மட்டும். கானா, டானா, லானா என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு அதைச் சேர்த்தால் கடல் எப்படி வரும்? ஒவ்வொரு ஒலிக்கோப்பின் தொடக்கத்திலும் அரை விநாடி அமைதி விடுங்கள், பழைய லேப்டாப்கள் ஒலியின் முதல் துளியை விழுங்கிவிடும், அந்த முதல் துளிதான் நாம் கேட்கச் சொல்கிற எழுத்து.

தப்பாகத் தொட்டால் என்ன ஆக வேண்டும்? நான் ஆரம்பத்தில் பலூன் டமார் என்று வெடிக்கிற மாதிரி வைத்திருந்தேன். மூன்றாவது நாளில் வகுப்பு முழுக்கத் தப்பு விடையைத் தேடித் தேடித் தொட்டுக்கொண்டிருந்தார்கள், சரியான விடைக்கு வெறும் கைதட்டல்தான், வெடிச் சத்தம் அதைவிட எவ்வளவோ மேல். இப்போது தப்பாகத் தொட்டால் அந்த எழுத்து மெல்ல மங்கும், பாட்டி குரல் சொல்லை இன்னொரு முறை சொல்லும், அவ்வளவுதான். பெருக்கல் குறி, அழுகிற முகம், மதிப்பெண் குறைவது எதுவும் கிடையாது. சரியாகத் தொட்டால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து சொல் முழுதாகத் தெரியும், குரல் அதைச் சொல்லும், படம் ஒருமுறை அசையும். 10 கேள்வி முடிந்ததும் விளையாட்டு தானாக முடிந்துவிட வேண்டும். முடிவே இல்லாத விளையாட்டைக் குழந்தையிடமிருந்து பிடுங்க வேண்டி வரும், பிடுங்கும்போது அழுகைதான் மிஞ்சும். எனக்கு 10 கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகளுக்குத் திரை முன் உட்காரும் நேரம் நாளைக்கு ஒரு மணிக்குள், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உங்கள் மகள் அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள், டிவியும் போனும் ஏற்கெனவே அதில் பங்கு கேட்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, எதில் செய்வது. பைத்தானில் பைகேம் என்கிற கேம் செய்யும் கருவியை வைத்து நானும் தொடங்கினேன். கெ, கே, கொ எல்லாம் உடைந்து, க முன்னால் நின்று கொம்பு பின்னால் தொங்கியது. பழைய பைகேமில் இந்திய எழுத்துகளை ஒழுங்காக அடுக்குகிற பகுதி இல்லாததுதான் காரணம். எழுத்துகளைப் படமாகச் சேமித்து வைத்தால் சமாளிக்கலாம், ஸ்கிராட்சிலும் நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் உங்கள் தேவைக்கு உலாவியே (பிரவுசர்) போதும். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு (இணையப் பக்கம் மாதிரி), பக்கத்தில் படங்களும் ஒலிகளும் உள்ள ஒரு ஃபோல்டர், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இன்டர்நெட் இல்லாமலே ஓடும், தமிழ் சரியாகத் தெரியும், பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். இரண்டு இடத்தில் மட்டும் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, 2018க்குப் பிறகு வந்த குரோம் உலாவி, ஆள் ஒருமுறை எதையாவது தொடும்வரை பக்கம் தானாகச் சத்தம் போட விடாது. முதல் கேள்வியின் ஒலி மட்டும் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், பெரிய பச்சை வட்டம் ஒன்றை முதலில் தொட வைத்துவிடுங்கள். இரண்டாவது, சொல்லை எழுத்தாகப் பிரிப்பது. அம்மா நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து: அகரம், மகரம், புள்ளி, இன்னொரு மகரம், கால். கணினியைப் பிரிக்கச் சொன்னால் புள்ளி மட்டும் தனியாக ஒரு கட்டத்தில் வந்து நிற்கும், அதைப் பார்த்துக் குழந்தை இது என்ன எழுத்து என்று கேட்கும். பைத்தானில் இதற்கென்று ஓபன் தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது. 30, 40 சொல்லுக்கு அதுகூட வேண்டாம், அ, ம், மா என்று கையாலேயே பிரித்து எழுதிவிடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி தெளிவான ஒன்று, திரையில் குழந்தையின் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக. உங்கள் அம்மா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர் என்றால் லை, னை, றா, ணா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும், பேத்தி குழம்பினால் இரண்டும் ஒன்றுதான் என்று காட்டிவிடுங்கள்.

லேப்டாப்பின் தடவுபலகையை (டச்பேட்) 5 வயது விரலால் ஆள்வது கஷ்டம், சின்ன மவுஸ் ஒன்று வாங்குங்கள். ஒரே ஒரு கிளிக் மட்டும் போதும்படி எல்லாவற்றையும் வையுங்கள், இரட்டைக் கிளிக்கும் இழுத்துப் போடுவதும் இந்த வயதுக்கு வேண்டாம், வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலையும் அடைத்துவிடுங்கள். மவுஸே புதிது என்றால் எழுத்து விளையாட்டுக்கு முன் ஒரு வாரம் ஜிகாம்பிரிஸ் என்கிற விளையாட்டுத் தொகுப்பைக் கொடுங்கள். 2000இல் பிரான்ஸில் ஒருவர் தொடங்கியது, 2 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு, முழுக்க இலவசம். பெயருக்குப் பிரெஞ்சில் எனக்குப் புரிந்துவிட்டது என்கிற மாதிரிப் பொருள் வரும். நம் கேரளப் பள்ளி லேப்டாப்களிலும் இருப்பதுதான், உங்கள் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது மறுபடி சந்திப்பாள். அதில் மவுஸை நகர்த்த நகர்த்த மேலே மூடியிருக்கும் கட்டங்கள் அழிந்து உள்ளே ஒரு விலங்கின் படம் தெரிகிற விளையாட்டு ஒன்று உண்டு, கை பழக அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. படம் வரைய டக்ஸ் பெயிண்ட் இருக்கிறது, அதுவும் இலவசம்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. விளையாட்டில் படித்த எழுத்து வெளியே கூடவே வருமா என்பதில் என் அனுபவம் கலவையானது. திரையில் 40 சொல்லையும் தடுமாறாமல் தொட்ட ஒரு பையன், அதே ப-வைப் பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையில் பார்த்து இது வேற என்றான். வேறு சில பிள்ளைகள் இரண்டே வாரத்தில் கடைப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வித்தியாசம் எதனால் என்று யோசித்தால், என் வகுப்பைப் பொறுத்தவரை, வெளியில் அவர்களோடு நடந்து அங்கே பார் என்று காட்ட ஒரு ஆள் இருந்ததா என்பதாகத்தான் தோன்றுகிறது. அதன்பிறகு பஸ் பலகை, கோயில் வாசல், டீக்கடை போர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து விளையாட்டிலேயே சேர்த்துவிட்டேன், கொஞ்சம் பலன் தெரிகிறது. இரண்டு லிபியை ஒரே சமயத்தில் படித்தால் குழப்பமா என்று எல்லா அப்பா அம்மாவும் கேட்கிறார்கள். உ, ய மாதிரி சில எழுத்துகள் இரண்டிலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, சில மாதம் கலந்து எழுதுவார்கள், என்னிடம் படித்த பிள்ளைகளில் அது தானாகத் தெளிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பள்ளியிலேயே தமிழ் படித்தவர்கள், உங்கள் மகள் வீட்டில் மட்டும் படிக்கப் போகிறாள், அதனால் இதை அப்படியே உங்களுக்கு வாக்குறுதியாகத் தர எனக்கு மனம் வரவில்லை. கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் மீடியத்துக்குத் தமிழிலேயே பாடப்புத்தகம் அச்சிடுகிறார்கள், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி லேப்டாப் பக்கத்தில் வையுங்கள். எழுதுவதை இந்த விளையாட்டு கற்றுத்தராது, அதில் சந்தேகமில்லை, அதற்கு சிலேட்டும் மணலும்தான். அப்புறம், குழந்தை ஒலிகளையே பிரித்துக் கேட்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது போல ஏதாவது கண்ணில் பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், அங்கே டீச்சர் சொல்லும் யோசனை போதாது.

நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் 20 படத்தை வெட்டி எடுத்து மகள் முன்னால் பரப்புங்கள், உங்கள் அம்மாவும் உடன் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் அவள் என்ன சொல்லி அழைக்கிறாள் என்று அவள் வாயில் வந்தபடியே ஒரு தாளில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாட்டி சொல்வதும் பேத்தி சொல்வதும் எழுத்தில் இருப்பதும் மூன்றும் ஒன்றாக இருக்கிற படங்களைத் தனியே எடுத்து வைத்தால் எட்டோ பத்தோ தேறும். முதல் விளையாட்டுக்கு அவைதான் சொற்கள். அந்தத் தாளை இங்கே போட்டீர்கள் என்றால் எதை முதலில் வைக்கலாம் என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.